வார்யா நேசிக்கும் வியாபாரி

1903ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில், கருங்கடலோரத்து யால்ட்டா நகரில் க்ஷயரோகத்தால் இளைத்து, மாஸ்கோவுக்குப் புறப்பட வைத்தியர்கள் இடங்கொடுக்காமல் தங்கிக் கிடந்த ஆன்டன் செகாவ், தாம் எழுதி முடித்து அனுப்பிவிட்ட 'செர்ரித் தோட்டம்' என்னும் நாடகத்தைக் குறித்து மாஸ்கோ ஆர்ட் தியேட்டரின் ஸ்தானிஸ்லாவ்ஸ்கிக்கு ஒரு கடிதம் எழுதினார். நாடகத்தில் வரும் லோபாகின் என்னும் வியாபாரியை நடிகர்கள் எங்கே கொச்சைப்படுத்தி விடுவார்களோ என்பது அவருடைய கவலை. அவன் வியாபாரிதான், ஆயினும் எல்லா வகையிலும் கண்ணியமானவன், அற்பத்தனம் தலைகாட்டாமல் அவனை நடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதற்கு ஆதாரமாக அவர் அதே நாடகத்தில் வரும் வார்யாவைக் கூப்பிட்டுச் சாட்சிக் கூண்டில் நிறுத்துகிறார். சிரத்தையும் தெய்வபக்தியும் உள்ள அந்தப் பெண் அவனை நேசிக்கிறாளே, வெறும் பணப்பேயாக இருந்தால் அவள் நேசித்திருப்பாளா என்பது அவர் வாதம்.

நாடகம் எழுதப் புகும் இளைஞர்களுக்கு இந்த ஒரு வாதத்தையே முதற் பாடமாக வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பாத்திரத்துக்கு ஆழம் வேண்டுமானால் அதன் ஸ்வபாவத்தில் முரண் வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்லுகிறார்கள். சொன்னவுடன், வீரனுக்கு இருட்டைக் கண்டால் பயம் என்றும், கருமிக்கு ரகசியமாகத் தர்மம் செய்யும் பழக்கம் என்றும், கொலைகாரனுக்குப் புறா வளர்க்கும் ஆசை என்றும் எதிரும் புதிருமாக இரண்டு குணங்களை எடுத்து ஒட்டி விடுகிறார்கள். அப்படி ஒட்டிய குணங்கள் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு மனிதனுடைய முரண் வெளியே வர எதிரில் இன்னொரு மனிதன் வேண்டும். அவனை நேசிக்கிறவர்களும் இகழ்கிறவர்களும் அவனிடம் கடன்பட்டவர்களும் சேர்ந்து அவனை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற சந்தர்ப்பத்தில்தான், அவனே அறியாத அவன் மேடைக்கு வந்து நிற்கிறான். ராஜபார்ட், கள்ளபார்ட் என்று வேஷங்களைப் பிரித்துக் கட்டிய நம்முடைய பழைய கம்பெனிகளைப் போலவே ருஷ்ய மேடையிலும் வியாபாரி வேஷம் என்று ஒன்று ஊறிப் போயிருந்தது. ஆஸ்திரோவ்ஸ்கி 1859இல் எழுதிய 'புயல்' நாடகத்தில் ஊரையே அதட்டி உருட்டுகிற டீக்கோய் அதற்கு ஓர் உதாரணம். செகாவ் அந்த வேஷத்தை உடைத்தார். உடைப்பதற்கு அவர் புதிய குணங்கள் எதையும் தேடிக்கொண்டு போகவில்லை; வியாபாரியைச் சுற்றி நிற்கிற மனிதர்களை மாற்றினார்.

லோபாகினுடைய பாட்டனும் தகப்பனும் செர்ரித் தோட்டம் இருக்கிற எஸ்டேட்டில் குடியடிமைகளாக இருந்தவர்கள். 1861இல் அடிமை முறை ஒழிந்த பிறகு தகப்பன் அந்தக் கிராமத்திலேயே கடை வைத்தான். குடித்துவிட்டு மகனை அடித்தான். பதினைந்து வயதில் ஒரு நாள் மூக்கில் இரத்தம் ஒழுக நின்ற அந்தப் பையனை உள்ளே அழைத்துச் சென்று முகம் கழுவச் செய்து ஆறுதல் சொன்னவள், அப்போது அந்த எஸ்டேட்டின் சின்ன வயதுச் சீமாட்டியாக இருந்த ரானேவ்ஸ்கயா. திரை எழும்போது, பாரிஸிலிருந்து திரும்பி வருகிற அவளை ரயில் நிலையத்திலே எதிர்கொள்ள வேண்டுமென்று வந்து, கையிலிருந்த புஸ்தகத்தில் ஓர் அட்சரம் விளங்காமல் நாற்காலியிலேயே தூங்கிப்போய், ரயிலைத் தவறவிட்டு விழிக்கிறான் இன்றைய பணக்கார லோபாகின். வெள்ளை வெயிஸ்ட்கோட்டும் மஞ்சள் பூட்ஸும் போட்டிருந்தாலும் உள்ளே தான் பட்டிக்காட்டான்தான் என்று வேலைக்காரி துன்யாஷாவிடம் ஒப்புக்கொள்கிற அதே வாயால், அவள் சீமாட்டியைப் போல உடுத்துத் தலை வாரியிருப்பதைப் பார்த்து, தன் நிலை அறிந்து நடந்துகொள்ளும்படி கண்டிக்கவும் செய்கிறான். தன்னை உயர்த்திய ஏணியில் இன்னொருத்தி கால் வைப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. இந்தக் காட்சியில் இந்த வேலைக்காரி இல்லையென்றால் அவனுக்குள் ஒரு பிரபு ஒளிந்திருப்பது நமக்குத் தெரிய வழியில்லை.

சீமாட்டியின் அண்ணன் காயெவ் அவனை நாகரிகமற்றவன் என்று வாய்விட்டுச் சொல்லுகிறான். லோபாகின் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. எல்லாவற்றையும்விட அதிசயம் மாணவன் திரோஃபிமோவ். சொத்தையும் சொத்துள்ளவர்களையும் வெறுக்கிற அந்த நித்திய மாணவன், லோபாகினை எதிர்ப்பட்டதையெல்லாம் தின்கிற மிருகத்துக்கு ஒப்பிட்டுப் பேசியவன், பிரிகிற வேளையில் அவனுடைய விரல்கள் ஒரு கலைஞனுடைய விரல்களைப் போல மெல்லியவை, உள்ளமும் அப்படியே என்று சொல்லுகிறான். அதைக் கேட்டதும் லோபாகின் வழிச்செலவுக்குப் பணம் கொடுக்க முன்வருகிறான். ஆயிரம் தெசியாத்தீனில், அதாவது ஏறத்தாழ 2,700 ஏக்கரில், கசகசா விதைத்து 40,000 ரூபிள் லாபம் கண்டதைச் சொல்லுகிறான். சொல்லுகிறபோதே அந்தச் செடிகள் பூத்து நின்ற அழகும் அவன் நினைவுக்கு வந்துவிடுகிறது. லாபக் கணக்குக்கு நடுவே பூவின் நினைப்பு வருகிறவனை எந்தக் கட்டத்தில் போட்டு அடைப்பது?

கடனில் மூழ்கிய எஸ்டேட் ஆகஸ்டு 22ஆம் தேதி ஏலத்துக்கு வரப்போகிறது. அதைத் தடுக்கும் வழியை ரானேவ்ஸ்கயாவுக்கு முதல் அங்கத்திலேயே சொல்லிக் கொடுப்பவனும் லோபாகின்தான். தோட்டத்தை வெட்டி, நிலத்தை மனை மனையாகப் பிரித்து, கோடைவாசிகளுக்குக் குத்தகைக்கு விட்டால் வருஷத்துக்கு 25,000 ரூபிள் வரும். சம்மதமென்றால் 50,000 ரூபிள் கடனுக்கும் தானே ஏற்பாடு செய்வதாகச் சொல்லுகிறான். கெஞ்சுகிறான், கோபிக்கிறான், அழுதுவிடுவான் போலாகிறான். அவர்கள் செவிசாய்ப்பதில்லை. கோடைவாசிகள் என்ற பேச்சே அவர்களுக்கு அசிங்கமாகப் படுகிறது.

மூன்றாம் அங்கத்தின் முடிவு வேகமாகப் படித்துப் போகத்தக்கதல்ல. ஏல தினத்தில் வீட்டிலே நாட்டியமும் சங்கீதமும் நடந்துகொண்டிருக்க, ரயிலைத் தவறவிட்டு இரவு நேரங்கழித்து வந்து சேர்கிறான் லோபாகின். எஸ்டேட்டை யார் வாங்கியது என்று கேட்கிறாள் ரானேவ்ஸ்கயா. தான் என்கிறான். பக்கத்தில் நாற்காலியும் மேஜையும் இல்லாவிட்டால் அவள் விழுந்திருப்பாள். வீட்டு நிர்வாகத்தையெல்லாம் சுமந்துவந்த வளர்ப்பு மகள் வார்யா, இடுப்பிலிருந்த சாவிக் கொத்தைக் கழற்றிக் கூடத்தின் நடுவில் தரையில் எறிந்துவிட்டுப் போகிறாள். அதன் பிறகே அவனுக்கு வாய் திறக்கிறது. காயெவிடம் இருந்ததோ 15,000 மட்டும். போட்டிக்கு நின்ற தெரிகானோவ் ஐந்து ஐந்தாயிரமாக ஏற்றத் தான் பத்துப் பத்தாயிரமாக ஏற்றியதும், கடனுக்கு மேல் 90,000 என்று கேட்டு முடித்ததும், பாட்டனையும் தகப்பனையும் சமையலறைக்குள்கூட விடாத வீட்டைத் தான் வாங்கிவிட்டதும் எல்லாம் ஒரே மூச்சில் கொட்டுகின்றன. சிரிக்கிறான், வார்யா எறிந்த சாவியை எடுத்துக் குலுக்குகிறான், வாத்தியக்காரரை வாசிக்கச் சொல்லுகிறான். அந்த ஆரவாரத்தின் மத்தியிலே நாற்காலியில் உட்கார்ந்து அழுகிற சீமாட்டியைப் பார்த்துவிடுகிறான். உடனே குரல் உடைந்து, தன் பேச்சைக் கேட்காமற் போனாளே என்று அவளையே கடிந்துகொண்டு கலங்குகிறான். திரும்பிப் போகையில் சிறு மேஜை ஒன்றில் மோதி, அதன் மேலிருந்த மெழுகுவர்த்தித் தாங்கியைத் தள்ளிவிடப் பார்த்து, எல்லாவற்றுக்கும் விலை கொடுக்கத் தன்னால் முடியும் என்கிறான்.

இதில் எது உண்மையான லோபாகின் என்று கேட்பது வீண். தகப்பனுக்கு மகனாக அவன் செய்தது வெற்றி. ரானேவ்ஸ்கயா முகம் கழுவிவிட்ட பையனாக அவன் செய்தது துரோகம். செய்தது ஒரே காரியம். ஒரு கையெழுத்தில் இரண்டு உறவுகளை இப்படி முடிச்சுப் போட்டுவிட்ட பிறகு, ஆசிரியர் மேற்கொண்டு அவனுடைய மனப் போராட்டத்தைத் தனிமொழியாக எழுத வேண்டிய அவசியமே இல்லாமற் போகிறது.

செகாவுக்கு இந்த முடிச்சு சொந்த வாழ்விலிருந்தே கிடைத்தது என்று நினைக்க இடமுண்டு. அவருடைய பாட்டனாரும் குடியடிமைதான். 1841இல் பணம் கட்டிக் குடும்பத்தை மீட்டவர். தாகன்ரோக் நகரில் மளிகைக் கடை வைத்துப் பிள்ளைகளை அடித்து வளர்த்த தகப்பனார் 1876இல் கடனாளியாகி மாஸ்கோவுக்கு ஓடியபோது, குடும்பத்தின் வீடு அங்கே குடியிருந்து, உதவி செய்வதாகச் சொன்னவரிடமே போய்ச் சேர்ந்தது; பள்ளிப் படிப்பை முடிப்பதற்காக ஆன்டன் அந்த வீட்டிலேயே ஒதுங்கி இருக்க நேர்ந்தது. அப்படி வீடிழந்த பையனே 1892இல் மேலிகோவோ என்னும் எஸ்டேட்டை விலைக்கு வாங்கினான். ஆக, ஏலத்தின் இரு பக்கத்திலும் நின்று பார்த்தவர் அவர்.

ரானேவ்ஸ்கயாவின் பாத்திரமும் லோபாகினைப் போலவே சுற்றி நிற்கிற மனிதர்களால் உருவானதுதான். வீட்டு வேலைக்காரர்களுக்கு வெறும் பட்டாணியைப் போட்டு வார்யா காலந்தள்ளிக்கொண்டிருக்க, வழிப்போக்கன் ஒருவனுக்குத் தங்கக் காசை எடுத்துக் கொடுக்கிறாள். தன்னைக் கொள்ளையிட்டுக் கைவிட்ட பாரிஸ் காதலனுடைய தந்தியை முதலில் கிழித்தெறிகிறாள். மூன்றாம் அங்கத்தில், அவனிடம் போகத்தான் வேண்டும் என்கிறாள். ஆற்றில் மூழ்கி இறந்த தன் ஏழு வயது மகனுக்கு வாத்தியாராக இருந்த திரோஃபிமோவைக் கண்டதும் அழுகிறாள். அவளைப் பற்றி இன்னும் எழுதலாம். ஆனால் லோபாகின் விஷயம் முடியவில்லை.

வார்யாவை அவன் மணந்துகொள்வான் என்று வீட்டார் எல்லோரும் எதிர்பார்த்திருக்கிறார்கள். கடைசி அங்கத்தில், சாமான்களெல்லாம் கட்டியாகிவிட்ட நிலையில், ரானேவ்ஸ்கயா அவனிடம் அந்தப் பேச்சை எடுக்கிறாள். இப்பொழுதே முடித்துவிடுவோம், நீங்கள் போய்விட்டால் என்னால் கேட்க முடியாது என்கிற கருத்துப்பட அவன் பதில் சொல்லுகிறான். இருவரையும் தனியே விட்டுவிட்டு அவள் போகிறாள். வார்யா எதையோ தேடுகிறவளைப் போலச் சாமான்களைப் புரட்டுகிறாள். எங்கே போகிறாய் என்று கேட்கிறான். வேறொரு வீட்டில் நிர்வாகியாக அமர்ந்திருப்பதாகச் சொல்லுகிறாள். போன வருஷம் இந்நேரம் பனி பெய்துவிட்டது, இன்று வெயில், ஆனால் மூன்று டிகிரி உறைகுளிர் என்கிறான். பார்க்கவில்லை, வீட்டுத் தெர்மாமீட்டர் உடைந்துபோயிற்று என்கிறாள். வெளியிலிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லி அழைக்க, அதற்காகவே காத்திருந்தவன் போல ஓடிவிடுகிறான்.

அவன் ஏன் கேட்கவில்லை என்பதற்கு விமரிசகர்கள் பல காரணம் கூறுவார்கள். கூச்சம் என்பார் சிலர், அவனுக்கு அவளிடம் காதலே இல்லை என்பார் சிலர். என் அபிப்பிராயம், காரணம் அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது என்பதுதான். ரானேவ்ஸ்கயா அறையில் இருந்தால் அவனால் எதையும் செய்ய முடியும். அவள் வெளியேறிய கணத்தில், யாருடைய வீட்டை வாங்கினானோ அவளுடைய வளர்ப்பு மகளுக்கு முன்னால், சாவியை எறிந்த அந்தக் கைக்கு முன்னால், அவனிடம் தைரியம் ஏதும் மிஞ்சுவதில்லை.

லோபாகினை எழுதும்போது அந்த வேஷம் ஸ்தானிஸ்லாவ்ஸ்கிக்கு உரியது என்றே செகாவ் எண்ணினார். ஸ்தானிஸ்லாவ்ஸ்கி ஜரிகை இழை தயாரிக்கும் பணக்கார வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். வியாபாரியும் கலைஞனும் ஓருடலில் இருப்பது அவருக்குப் புதிதல்ல. அவரோ பிரபுவான காயெவ் வேஷத்தை எடுத்துக்கொண்டு லோபாகினை லியோனிதோவிடம் கொடுத்தார். ருஷ்யப் பழைய பஞ்சாங்கப்படி 1904 ஜனவரி 17ஆம் தேதி, ஆசிரியரின் 44ஆவது பிறந்தநாளன்று, மாஸ்கோ ஆர்ட் தியேட்டரில் நாடகம் அரங்கேறியது. தாம் ஹாஸ்யமாக எழுதியதை விளம்பரங்களில் சோக நாடகத்தின் தோரணையில் போடுகிறார்களே என்று செகாவ் குறைப்பட்டுக்கொண்டார். வாங்குகிறவன் முரடனாகிவிட்டால் இழக்கிறவர்கள் தியாகிகளாகிவிடுவார்கள், பிறகு சிரிப்புக்கு இடமேது? அந்த வருஷ ஜூலை மாதத்திலேயே அவர் காலமானார். லோபாகின் சோபிக்காவிட்டால் நாடகம் முழுவதும் விழுந்துவிடும் என்று அவர் முன்னதாகவே தம் மனைவி ஓல்கா நிப்பெருக்கு எழுதியிருந்தார். அரங்கேற்றத்தில் ரானேவ்ஸ்கயாவாக நடித்தது அந்த அம்மாள்தான்.