இரட்டிக்கும் ஒலி, தடுமாறும் நாக்கு

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வளரும் தமிழ்ப் பிள்ளையின் காதில் ஒரே நாளில் நாலு மொழி விழுகிறது: தமிழ், மலாய், ஆங்கிலம், ஹொக்கியன். எந்த ஒலியில் சொல் தொடங்கும், எதில் முடியும், எதன்பின் எது வரும் என்பதில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டு உண்டு. தமிழின் கட்டைத் தொல்காப்பியம் நூன்மரபிலும் மொழிமரபிலும் வகுத்துவைத்தது. பிள்ளையோ இலக்கணம் படிக்காமலே, பேச்சு வருமுன் காதால் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு வரும் புதுச் சொல் அந்தக் கட்டுக்குள் அடங்கினால் சட்டென்று ஒட்டும். அமெரிக்க ஆய்வாளர் ஹாலி ஸ்டோர்கல் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக் கதை வழியே பொருளற்ற புதுச் சொற்களைச் சொல்லிப் பார்த்தார். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் ஒலிக்கோவை கொண்ட சொற்களே சீக்கிரம் மனத்தில் நின்றன என்று 2001இல் எழுதினார்.

கட்டுக்குள் அடங்காத சொல் உருமாறும் என்பதற்குப் பினாங்கில் நம் சொற்களே சாட்சி. கப்பல், கட்டில், பெட்டி மூன்றும் மலாய்க்குப் போனபோது நடுவிலிருந்த இரட்டிப்பு உதிர்ந்துவிட்டது. இங்கே பேசும் மலாயில் மெய் இரட்டித்துப் பொருள் மாறுவதில்லை. குறில் நெடில் பேதமும் இல்லை. தமிழைக் குறைவாகக் கேட்டு வளரும் பிள்ளையின் வாயிலும் இதேதான் நடக்கிறது. பட்டம் படமாகிறது, கூடை குடையாகிறது.

நாமோ கவலையெல்லாம் ழகரத்தின்மேல் வைத்திருக்கிறோம். ழகரம் பிசகினாலும் பெரும்பாலும் பொருள் புரிந்துவிடும். இரட்டிப்பும் நெடிலும் பிசகினால் கேட்பவர் திகைத்து நிற்பார். முதலில் கவனிக்கவேண்டியது இவற்றைத்தான்.

'பட்டம்' சொல்லும்போது நாநுனி மேல்நோக்கி மடிந்து அண்ணத்தில் ஒட்டி ஒரு கணம் நிற்கிறது. மூச்சு அடைபட்டுப் பிறகே விடுபடுகிறது. 'படம்' என்றால் தொட்டதும் நழுவிவிடும். அந்த ஒரு கணத்தைக் கையால் காட்டலாம்: 'பட்' என்றதும் விரல்களை மூடிக் கொஞ்சம் நிறுத்தி, 'டம்' என்னும்போது விரிக்கவேண்டும். கூடவே சட்டை, முட்டை, தட்டு, கட்டில் என்று ஓரினச் சொற்களாகச் சொல்லிக்கொடுத்தால் ஒன்று மற்றொன்றைத் தாங்கும்.

பாலர் பள்ளி ஆசிரியர்கள் எழுத்து அட்டையைக் கையில் எடுக்குமுன் இந்தக் காதுப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்கவேண்டும். வீட்டில் அதற்குத் தனி நேரம்கூட வேண்டாம். "படம் விட்டேன்" என்று பிள்ளை சொன்னால் "தப்பு" என்று அதட்டாதீர்கள். "அட, பட்டம் விட்டியா? பட்டம் எவ்வளவு உயரம் போச்சு?" என்று கேளுங்கள்.