டிரம் அண்ட் பேஸும் புதுக்கோட்டைக் கஞ்சிராவும்

டிரம் அண்ட் பேஸ் என்பது 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், முக்கியமாக லண்டனிலும் பிரிஸ்டலிலும் உருவான மின்னணு இசை. மெட்டும் பாட்டும் இதில் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகின்றன. தாளமும், நெஞ்சுக்கூட்டில் அதிரும் கனத்த கீழ்ச்சுருதியும்தான் இசையை நடத்துகின்றன. டிரம்ஸ் நிமிடத்துக்கு 160 முதல் 180 தட்டு வரை ஓடும். பேஸ் பெரும்பாலும் அதில் பாதி வேகத்தில் நகரும். கர்நாடக இசை பழகிய காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கீழ்க்காலமும் மேல்காலமும் ஒருசேர ஒலிக்கின்றன, அவ்வளவுதான்.

இந்த இசை பெருமளவு ஓர் ஏழு விநாடித் துண்டின்மேல் நிற்கிறது. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு ‘ஆமென், பிரதர்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டது. நடுவில் மற்ற வாத்தியங்கள் ஓய, கிரெகரி கோல்மன் டிரம்ஸை மட்டும் நான்கு சுற்று வாசிக்கிறார். லண்டன் இளைஞர்கள் அதை சாம்ப்ளர் கருவியில் ஏற்றி, வேகத்தைக் கூட்டி, அடி அடியாக வெட்டி, வரிசை மாற்றி ஒட்டினார்கள். ஆயிரக்கணக்கான இசைத்தட்டுகளில் அந்த வாசிப்பு இருக்கிறது. 2006இல் இறந்த கோல்மனுக்கு அதற்காக ராயல்டி எதுவும் வரவில்லை. இந்த இசையின் வரலாற்றில் இது தீராத அநீதி.

பேஸ் ஒலிக்கும் இப்படியொரு பூர்வீகம் உண்டு. டெட்ராய்ட் நகரத்து கெவின் சாண்டர்சன் 1988இல் வெளியிட்ட ஓர் இசைத்தட்டில், சுருதி மயிரிழை விலகிய இரண்டு ஒலியலைகளை ஒன்றாக ஓடவிட்டார். இரண்டும் மோதி ஓர் உறுமல் பிறந்தது. டிரம் அண்ட் பேஸ் அதைச் சொந்தமாக்கிக்கொண்டது.

ரோனி சைஸின் ரெப்ரசன்ட் குழு ‘நியூ ஃபார்ம்ஸ்’ தொகுப்புக்காக 1997இல் பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசு பெற்றது. அதே ஆண்டில் பரிசோதனைக்காரர்கள் நடனத் தளத்தைவிட்டு விலகத் தொடங்கியிருந்தார்கள். ஸ்குவேர்புஷரின் ‘ஹார்ட் நார்மல் டாடி’யில் தாளம் எங்கே விழும் என்று ஊகிக்கவே முடியாது. ஃபோட்டெக் என்ற கலைஞர் டிரம்ஸ் அடிகளுக்கு நடுவே மௌனத்தை வைத்துக் கட்டினார்.

அதே 1997இல்தான் தபலா கலைஞர் தல்வின் சிங் ‘அனோகா’ என்ற தொகுப்பை வெளியிட்டார். லண்டனில் வளர்ந்த தெற்காசிய இளைஞர்கள் தபலாவையும் டிரம் அண்ட் பேஸையும் பிணைத்த பதிவுகள் அதில் இருந்தன. ‘ஸ்டேட் ஆஃப் பெங்கால்’ என்ற பெயரில் இயங்கிய சாம் ஜமானின் ‘ஃப்ளைட் ஐசி 408’ அவற்றில் புகழ்பெற்றது. ஏ.ஆர். ரகுமானின் ‘பம்பாய்’ படக் கருவியிசையும் அந்தத் தொகுப்பில் இடம்பெற்றது. தல்வின் சிங்கின் ‘ஓகே’ 1999இல் மெர்க்குரி பரிசை வென்றது.

இந்தப் பதிவுகளில் தபலாதான் முன்னால் நிற்கிறது. ஆனால் இந்த இசைக்கு இன்னும் நெருக்கமான கருவி புதுக்கோட்டைக்காரர் ஒருவர் அரங்கேற்றிய கஞ்சிரா. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டையில் வாழ்ந்த மான்பூண்டியா பிள்ளைதான் அதைக் கர்நாடகக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875–1936) மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பேரெடுத்தார். இன்னொரு சீடர் முத்தையா பிள்ளையின் மகன்தான் இடக்கையால் மிருதங்கம் வாசித்த பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). தாளத்தைப் பாட்டுக்குத் துணையாக மட்டும் வைக்காமல், கணக்கும் கோர்வையுமாகத் தனித்து நிறுத்தியது புதுக்கோட்டை வழி.

கஞ்சிரா ஒரு சாணுக்குச் சற்று கூடவோ குறையவோ அகலமுள்ள பலாமரச் சட்டம். ஒரு பக்கம் உடும்புத் தோல், சட்டத்தின் துளையில் சில உலோகக் காசுகள். தோலின் உட்புறம் தண்ணீர் தெளித்தால் சுருதி இறங்கி, கருவியின் அளவுக்கு நம்ப முடியாத கனத்த நாதம் வரும். கஞ்சிராவைப் பிடித்திருக்கும் கையின் விரல் தோலை அழுத்த அழுத்த, அந்த நாதம் வழுக்கி ஏறும். சிந்தசைசர் பேஸை வழுக்கவிடுவதற்கு ஒரு குமிழைத் திருப்புகிறார்கள். கஞ்சிராக்காரர் அதையே விரலால் செய்கிறார், அடிப்பதற்கு ஒரே கைதான் மிச்சம் என்ற நிலையில். காசுகளின் கிலுகிலுப்பு மேலே, வழுக்கும் பேஸ் கீழே, நடுவே மேல்காலச் சொற்கட்டு. டிரம் அண்ட் பேஸின் மூன்று அடுக்குகளும் ஒரு சாண் தோலில் இருக்கின்றன. இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை அல்ல. தாளமே இசையை நடத்த வேண்டும் என்று தீர்மானித்த இரண்டு மரபுகள் ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

உடும்பு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், இன்று ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் கஞ்சிராவுக்குப் பயன்படுகின்றன. கஞ்சிராக் கலைஞர் வி. செல்வகணேஷ் அதை ‘சக்தி’ இசைக்குழுவோடு உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார். அந்தக் குழுவின் ‘திஸ் மொமண்ட்’ தொகுப்பு 2024இல் கிராமி விருது பெற்றது.

இந்த ஒற்றுமையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் ஜி. ஹரிசங்கரின் கஞ்சிராத் தனி ஒன்றையும் ஃபோட்டெக்கின் பதிவு ஒன்றையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். கைப்பேசியின் ஸ்பீக்கரில் வேண்டாம். மிகக் கீழான பேஸ் அதில் வெளியே வராது. நல்ல ஹெட்ஃபோனோ சப்வூஃபரோ தேவை.