ஆலையில் சூட்டை ஆளும் சொற்கள்



கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸுக்கு அப்பெயரைத் தந்தவை செங்கற் சூளைகள். 1881இல் நெருப்பும் வெள்ளமும் அத்தாப்பு வீடுகளை வாரிக்கொண்டு போனபின், நகரைச் செங்கல்லில் கட்டத் தொடங்கினார்கள். அக்காலச் சூளையில் சூட்டை அளக்கக் கருவி ஏது? தீயின் நிறந்தான் கணக்கு. மங்கிய சிவப்பென்றால் 700 டிகிரி அளவில் இருக்கும். ஆரஞ்சு நிறம் வந்தால் 900ஐத் தாண்டிவிட்டது. கண் பார்க்கும், மனம் ஒப்பிடும், கை விறகைத் தள்ளும் அல்லது நிறுத்தும்.

இன்றைய ஆலைகளிலும் நடப்பது இதுவே. கண்ணின் இடத்தில் சென்சர், மனத்தின் இடத்தில் கண்ட்ரோலர், கையின் இடத்தில் நீராவியைத் திறந்து மூடும் வால்வு. கிள்ளானிலோ ஷா ஆலமிலோ தொழிற்சாலை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் அங்கே காணும் சிறு பெட்டியில் இரண்டு எண்கள் ஒளிரும். 'பி.வி.' என்பது இப்போது உள்ள சூடு. 'எஸ்.வி.' என்பது வேண்டிய சூடு. இதையே 'செட் பாயிண்ட்' என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 'எரர்' என்று பெயர். யாரோ செய்த தவறு என்று பயப்பட வேண்டாம், வெறும் இடைவெளிதான்.

துணி தேய்க்கும் மின்பெட்டியில் உள்ளது 'ஆன்-ஆஃப்' முறை. சூடு குறைந்தால் முழுதும் திறக்கும். எட்டினால் முழுதும் மூடும். ஆனால் அடுப்பை அணைத்த பிறகும் பால் பொங்கி வழிவதில்லையா? ஏறிய சூடு உடனே இறங்காது. இந்தத் தாமதம் 'லேக்'. அளவைத் தாண்டிப் போவது 'ஓவர்ஷூட்'. செம்பனை எண்ணெயைக் கப்பலில் ஏற்றும்போது 50 முதல் 55 டிகிரி இருக்க வேண்டும். குறைந்தால் எண்ணெய் கெட்டிப்பட்டுக் குழாயில் ஓடாது. மிஞ்சினால் தரம் கெடும். இத்தகைய இடங்களுக்கு 'புரொபோர்ஷனல்' முறை நல்லது. இடைவெளி பெரிதானால் வால்வு அகலத் திறக்கும். நெருங்க நெருங்கச் சுருங்கும்.

குலைகளை அவிக்கும் பெரிய இரும்பு உருளையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தத்தில், ஏறத்தாழ 140 டிகிரி நீராவியில், ஒன்றரை மணி நேரம்வரை குலைகள் வேகும். பழங்கள் எளிதாகக் கழலவும், கொழுப்பமிலம் பெருகி எண்ணெய் தரங்குறையாமல் இருக்கவும் இது தேவை. உள்ளே காற்று தங்கிவிட்டாலோ, முள் 40ஐக் காட்டும், சூடு 140ஐ எட்டாது. அழுத்தத்தில் ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்கிறது. ஆகவேதான் முதலில் காற்றை விரட்டுகிறார்கள். பல ஆலைகளில் நீராவியை மூன்று முறை ஏற்றி இறக்குகிறார்கள்.

அழுத்தம் இருக்கும்வரை கதவைத் திறக்கவிடாத பூட்டு 'இன்டர்லாக்'. நேரத்தை மிச்சப்படுத்த அதை ஏமாற்றித் திறக்கச் சொன்னால், சொல்பவர் யாராயினும் மறுத்துவிடுங்கள். ஆறடி விட்டமுள்ள கதவென்று வைத்துக்கொள்வோம். 40 பவுண்டு அழுத்தத்தில் அதைத் தள்ளும் விசை 70 டன்னுக்கு மேல். முள்ளில் ஒரே ஒரு பவுண்டு மீதமிருந்தாலும் ஏறத்தாழ 1.8 டன். முள்ளும் பழுதாகலாம், ஆகவே நீராவி வெளியேறும் சிறு குழாயைத் திறந்து, அதிலிருந்து எதுவும் வரவில்லை என்று கண்ட பிறகே கதவில் கை வைக்க வேண்டும்.