நடந்தால் மட்டும் போதுமா?

1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஐவரும் இருபது வயதுக்காரர்கள். நோய்நொடி ஏதும் இல்லாதவர்கள். கடும் உழைப்பின்போது உடல் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்துகிறது என்பது உடல்திறனின் முக்கியமான அளவுகோல். மூன்று வாரம் கழித்து அவர்கள் எழுந்தபோது அந்த அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்திருந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஐம்பது வயதில், அதே ஐந்து பேரையும் மீண்டும் சோதித்தார்கள். சராசரியாக இருபது கிலோவுக்கு மேல் எடை கூடியிருந்தது. ஆனாலும் முப்பது ஆண்டுகளில் குறைந்த திறன், இளமையில் மூன்று வாரப் படுக்கையில் குறைந்த அளவைக்கூட எட்டவில்லை. பிறகு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும், இருபது வயதில் ஆய்வு தொடங்கியபோது இருந்த நிலைக்கே அந்தத் திறன் திரும்பியது. ஐந்து பேரை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் 'வயசாச்சு' என்று நாம் சொல்லிக்கொள்ளும் தளர்ச்சியில் பெரும்பங்கு அசையாமல் இருப்பதால் வருவது என்பதை இந்த ஆய்வு சுட்டிக்காட்டுகிறது.

இதயத்துக்குப் பொருந்துகிற இந்த உண்மை தசைக்கும் பொருந்தும். முப்பதுகளிலிருந்தே தசை மெல்ல மெல்லக் கரையத் தொடங்குகிறது. அறுபதைத் தாண்டினால் வேகம் கூடுகிறது. தசையின் அளவைவிட அதன் வலு இன்னும் விரைவாகக் குறைகிறது. மருத்துவர்கள் இதை சார்கோபீனியா என்கிறார்கள். இதில் முதலில் மெலிபவை, சட்டென்று விசையோடு இயங்கும் தசை இழைகள். கால் தடுக்கும்போது மறுகாலைப் பாய்ச்சி உடலைத் தாங்கிப் பிடிப்பவை அவைதான். தாழ்வான சோபாவிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாமல் போவது, பேருந்துப் படியில் கம்பியைப் பிடித்து உடலை மேலே இழுக்க வேண்டியிருப்பது ஆகியவை இதன் ஆரம்ப அடையாளங்கள். தசை போனால் போவது வலு மட்டும் அல்ல. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதும் தசைதான். நீரிழிவு இவ்வளவு பரவியிருக்கும் தமிழ்நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

ஐம்பதைத் தொட்டதும் நம்மில் பலர் காலை நடையைத் தொடங்கிவிடுகிறார்கள். நல்ல பழக்கம், அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசலில் நின்றவர்களிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தினசரி நடையும் உணவுக் கட்டுப்பாடும் நீரிழிவு வரும் வாய்ப்பைக் கால் பங்குக்கு மேல் குறைத்தன. ஆனால் நடை செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. தசை வலுப்பெற வேண்டுமானால் அது பழகியதைவிடச் சற்றுக் கூடுதலான சுமை அதற்குக் கிடைக்க வேண்டும். சமதரையில் ஒரே வேகத்தில் நடப்பதற்கு உடல் சில வாரங்களிலேயே பழகிவிடும்; பிறகு கால் தசைக்கு அதில் புதிய சவால் இல்லை. கை, தோள், முதுகுக்கோ தொடக்கத்திலிருந்தே எதுவும் இல்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை, வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்போடு நிற்காமல், வாரம் 2 நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி தேவை என்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 3 நாள் சமநிலைப் பயிற்சியையும் சேர்க்கிறது. முதல் பாதியைக் கேட்டுக்கொண்ட நாம் இரண்டாவது பாதியைக் காதில் வாங்கவே இல்லை.

'இந்த வயதில் தசை வளருமா?' என்பது முதல் சந்தேகம். 1990-இல் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் தொடை வலு சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் பெருகியது. தொண்ணூறில் முடிந்தது ஐம்பத்தைந்தில் முடியாது என்று சொல்ல இடமில்லை.

'எனக்கு முட்டி வலி' என்பது அடுத்தது. தேய்ந்த மூட்டுக்கு ஓய்வுதான் மருந்து என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் தொடைத் தசை மெலிய மெலிய மூட்டின் மீது விழும் பாரம் கூடுகிறது. முட்டித் தேய்மானத்துக்கான சிகிச்சையில் தொடையை வலுப்படுத்துவது இன்று முதல் வரிசையில் இருக்கிறது. இதயக் கோளாறோ கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். எவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பளு தூக்கக் கூடாது. இந்த எச்சரிக்கைகள் பயிற்சியைப் பாதுகாப்பாகச் செய்வதற்கானவை, கைவிடுவதற்கானவை அல்ல. 'வீட்டு வேலையே போதாதா?' என்று பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி. வீட்டு வேலை களைப்பைத் தரும், ஆனால் ஆண்டுக்கணக்கில் அதே சுமைதான். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கும் காலத்தில், அதற்கும் தசைக்கும் படிப்படியாகக் கூடும் பளு வேண்டும்.

இதற்கு ஜிம் கட்டாயம் இல்லை. ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். முன்விளிம்புக்கு வந்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து, கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை விட்டபடி எழுந்து நிமிர்ந்து நில்லுங்கள். பிறகு தொப்பென்று விழாமல் மூன்று எண்ணும் நேரத்துக்கு மெல்ல இறங்குங்கள். அந்த மெதுவான இறக்கமும் தொடைக்கு வேலை கொடுக்கும். பத்து முறை எளிதாகிவிட்டால் கையில் ஒரு பை அரிசியைப் பிடித்துக்கொண்டு செய்யலாம். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது தோளுக்கு, சமையல் மேடையைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது சமநிலைக்கு. வாரம் இரண்டு மூன்று நாள், இருபது நிமிடம் போதும். இதோடு தட்டையும் கவனிக்க வேண்டும். சோறு குவிந்து பருப்பு பேருக்கு இருக்கும் சாப்பாட்டில் தசைக்குத் தேவையான புரதம் கிடைக்காது. சுண்டல், முட்டை, மீன், தயிர் என்று மூன்று வேளையும் ஏதாவது ஒன்று சேர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசித் தடை நம் வீடுகளின் பாசத்தில் இருக்கிறது. "நீங்க உட்காருங்கம்மா, நான் எடுக்கிறேன்" என்று குடத்தை வாங்கிக்கொள்கிறோம்; அப்பா மாடி ஏறக் கூடாதென்று அவர் அறையைக் கீழே மாற்றுகிறோம். இயலாதவர்களுக்கு இது அவசியமான உதவி. இயன்றவர்களிடமிருந்து வேலையைப் பிடுங்கினால், டல்லாஸ் இளைஞர்களுக்குப் படுக்கை செய்ததை நாம் அன்பின் பெயரால் வருடக்கணக்கில் நீட்டிச் செய்கிறோம். பெற்றோருக்கு ஐம்பது கடந்தால் பிள்ளைகள் வாங்கித் தர வேண்டியது சாய்வு நாற்காலி அல்ல, ஒரு ஜோடி டம்பெல். எண்பது வயதில் யாரையும் கூப்பிடாமல் தானே எழுந்து குளியலறைக்குப் போய்வரும் வலு ஐம்பதுகளிலேயே சேர்க்க வேண்டியது. அதைச் சேர்க்கிற வேலையை இந்த வாரமே தொடங்கிவிடலாம்.