செர்டாங்கைப் பார்த்து வந்தோம்

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். பெண் எடுக்கப் போனால் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். ஆனால், பெற்ற பிள்ளை நான்கு ஆண்டுகள் தங்கிப் படிக்கப்போகும் பல்கலைக்கழகத்தை மட்டும் கண்ணால் பார்க்காமலே விண்ணப்பத்தில் எழுதிவிடுகிறோம். பக்கத்து வீட்டுப் பையன் எதை எழுதினானோ, அதையே நாமும் எழுதுகிறோம்.

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த ஒரு பெண், பேராக்கில் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளியின் மகள், எஸ்.டி.பி.எம். எழுதிவிட்டு என்னிடம் வந்தாள். "சார், விவசாய விஞ்ஞானம் படிக்கணும். செர்டாங்கைப் போய்ப் பார்க்கணும்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. எந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று கைப்பேசியில் பார்த்துப் பார்த்து மனப்பாடமே செய்திருந்தாள்.

அப்பாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "நான் மண்ணுல கிடந்தது போதாதா சார்? இதுவும் போயி மரம், செடின்னு படிக்கணுமா?" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. விவசாயம் என்றாலே நம் மக்களுக்குக் கத்தியும் முதுகில் சுமக்கும் மருந்துத் தோம்பும்தானே நினைவுக்கு வரும்! "பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றேன். ஒருநாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று புறப்பட்டார். தாயாரால் வர முடியவில்லை. ஒரே நாளில் இரண்டு சம்பளத்தை விட அந்த வீட்டில் வசதியில்லை.

ரயிலில் போகும்போது செர்டாங்கின் கதையைச் சொன்னேன். 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது. 1947-இல் கல்லூரியானது. 1971-இல் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, 1997-இல் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. இன்று மருத்துவமும் பொறியியலும்கூட அங்கே உண்டு. "டாக்டர் படிப்பும் இருக்கா?" என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே போனதும் அவளைப் பிடிக்க முடியவில்லை. நூல்நிலையத்தைப் பார்க்க வேண்டும், விடுதியைப் பார்க்க வேண்டும், சோதனைக்கூடத்தைச் சன்னல் வழியாகவாவது பார்க்க வேண்டும்! எங்கள் இருவருக்கும் கால் வலித்தது. செம்பனை நிற்கும் இடத்துக்கு வந்தபோதுதான் அப்பா தாமாக நின்றார். அங்கிருந்த மாணவர் ஒருவர், கனோடெர்மா என்னும் காளான் நோய் மரத்தின் அடியை அழுக வைப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நோய் முற்றிய மரத்தைக் காப்பாற்ற இன்னும் வழியில்லையாம்.

"அடியில காளான் பூத்துட்டா மரம் போச்சு தம்பி. அதுக்கு முன்னாலேயே குருத்து விரியாம நிக்கும், கீழ்மட்டை தொங்கும். நான் பார்த்திருக்கேன்" என்றார் அப்பா. மாணவர் விடவில்லை. எத்தனை வயது மரம், என்ன மண், பக்கத்து மரத்துக்கும் பரவியதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் பேசினார்கள். மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இடையில் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகத் தேர்வில் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. பஸ் போய்விடும் என்று மாலையில் பள்ளியில் தங்காத தோட்டப் பிள்ளைகள் இந்தப் பத்தில்தான் பிந்திவிடுகிறார்கள். படிவம் ஒன்றிலிருந்தே இதைக் கவனியுங்கள். பணத்துக்கு பி.டி.பி.டி.என். உண்டு. ஆனால் அது கடன், பிறகு கட்டியாக வேண்டும். இதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

திரும்பும் வழியில் அப்பா டாக்டர் பேச்சை எடுக்கவில்லை. "விடுதியில ஒரு ரூமுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று மட்டும் கேட்டார். விண்ணப்பத்தில் அவள் விவசாய விஞ்ஞானத்தையே முதலில் எழுதியிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. இடம் கிடைத்தால், கொண்டுபோய் விடும் நாளில் தாயாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.