மனிதரை நடத்தும் கல்வி

சென்ற மாதம் ஒரு மாலை, செபமாலை முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், நம் பங்கைச் சேர்ந்த தந்தை ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். கையில் பழுப்பேறிய தாள் ஒன்று இருந்தது.

“சாமி, என் மகள் பி.காம். முடித்துவிட்டாள். மனித வள மேலாண்மையில் மேற்படிப்புப் படிக்க ஆசைப்படுகிறாள். இதை வாசித்துவிட்டு, அவளை அனுப்பலாமா என்று சொல்லுங்கள்” என்றார்.

அது 1990களில், ஒரு வேலைநிறுத்தத்திற்குப்பின் ஆலை ஒன்று அவருக்கு அனுப்பிய பணிநீக்கக் கடிதம். மூன்றே வரிகள், அடியில் பணியாளர் அலுவலரின் கையொப்பம். “பதினோர் ஆண்டுகள் உழைத்தேன், சாமி. கையெழுத்திட்டவருக்கு என் முகமே தெரியாது. அந்த நாற்காலியில் என் மகள் உட்கார வேண்டுமா?”

அன்பார்ந்த பெற்றோரே, இக்கேள்விக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டு, அக்கல்வி யாது என்று வினவி அறிந்தேன். உங்கள் பிள்ளைகளும் நாளை இதே படிப்பைக் கேட்கக்கூடும். ஆதலால் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இது பெரும்பாலும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு. ஆட்களைத் தேர்ந்தெடுத்தல், பயிற்சி, ஊதியம், தொழிலுறவு, தொழிலாளர் சட்டம் ஆகியவை இதன் பாடங்கள். 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் மாணவர் கற்றாக வேண்டும். இவற்றோடு ‘நிறுவன நடத்தையியல்’ என்றொரு பாடமும் உண்டு. தனியாக இருக்கையில் ஒருவிதமாக நடக்கும் மனிதன், குழுவிலும் அதிகாரத்தின் கீழும் ஏன் வேறுவிதமாக நடக்கிறான் என்பதே அதன் ஆராய்ச்சி.

அமெரிக்காவில் சிக்காகோ நகருக்கு அருகே ஹாத்தார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை சோதனைகள் நடந்தன. விளக்கொளியைக் கூட்டினால் உற்பத்தி பெருகுமா என்று பார்க்கத் தொடங்கினர். ஒளியைக் குறைத்தபோதும் உற்பத்தி பெருகக் கண்டு வியந்தனர். தங்களையும் ஒருவர் பொருட்படுத்துகிறார் என்னும் உணர்வே காரணம் என்று எல்டன் மேயோ போன்றோர் விளக்கினர். அவ்விளக்கத்தைப் பின்வந்தோர் பலர் மறுத்தனர்; அந்த மறுப்பையும் மாணவர் படிக்கின்றனர். அதே ஆலையில் 14 ஆண்கள் கொண்ட மற்றொரு குழு, அதிகம் உழைத்தால் அதிகக் கூலி கிடைக்கும் என்றிருந்தும், தமக்குள் வகுத்துக்கொண்ட அளவைத் தாண்டவில்லை. கூலி ஒன்றே மனிதனை இயக்குவதில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

1960இல் டக்ளஸ் மெக்ரெகர் எழுதிய நூலொன்று என்னையே சுட்டிற்று. மனிதன் இயல்பிலே சோம்பேறி, அவனை மிரட்டியே வேலை வாங்க வேண்டும் என்பது ஒரு நோக்கு. நம்பிப் பொறுப்பளித்தால் அவன் தானே உழைப்பான் என்பது மற்றொன்று. மேலாளரின் நோக்கு எதுவோ, அதற்கேற்பவே பணியாளரின் நடத்தையும் அமையும் என்கிறார் அவர். முன்பு ஒரு பங்கில் எங்கள் கோயில்பிள்ளை சில நாள் அதிகாலை மணியைத் தாமதமாக அடித்தார். காரணம் கேளாமலே எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவர் மனைவி படுத்த படுக்கையாய் இருந்தது பிறகே தெரிந்தது. குருமடத்தில் எத்தனையோ பாடங்கள் பயின்ற நான், இந்த ஒரு பாடத்தை அவரிடம் அல்லவா கற்றேன்!

இக்கல்வி முதலாளிகளுக்கே உரியதன்று. 1918இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்த வரலாறும் இத்துறையைச் சேர்ந்ததே. இயேசு சபையைச் சேர்ந்த குவின் என்ரைட் அடிகளார் 1949இல் ஜாம்ஷெட்பூரில் ஒரு நிறுவனம் தொடங்கினார். எக்ஸ்.எல்.ஆர்.ஐ. எனப்படும் அதன் பெயரில் ‘எல்’ என்ற எழுத்து குறிப்பது தொழிலாளரையே. சென்னையில் 1952இல் தோன்றிய சமூகப் பணிப் பள்ளியும், 1979இல் இலயோலா கல்லூரி வளாகத்தில் தோன்றிய லிபாவும் நமக்கு அருகில் உள்ளவை. நுழைவுத் தேர்வு, கட்டணம், கல்விக் கடன் ஆகியவற்றை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் கட்டணம் பல இலட்சத்தை எட்டும்.

ஒன்றை மறைக்கலாகாது. மனித மனத்தை அறிந்தவன், அவ்வறிவைக் கொண்டே மனிதனை ஏய்க்கவும் கூடும். இனிய சொல்லால் குறைந்த கூலியை மறைப்பவரும் உளர். உழைப்பு மூலதனத்திற்கு முந்தியது என்று 1981இல் இரண்டாம் யோவான் பவுல் தம் திருமடலில் எழுதியது இத்தகைய நாற்காலியில் அமர்வோர்க்கும் உரியதே.

ஒரு வாரம் கழித்து அத்தந்தை வந்தார். “அந்த நாற்காலி வெறுமையாய் இராது; யாரோ ஒருவர் அமரத்தான் போகிறார். தொழிலாளியின் முகம் அறிந்த ஒரு பெண் அதில் அமர்வது நன்றல்லவா?” என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “போகட்டும், சாமி. ஆனால் போகுமுன் இந்தக் கடிதத்தை அவள் படிக்க வேண்டும். இதுவரை நான் காட்டியதில்லை” என்று கூறித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவளுடைய முதற்பாடம் அதுவாகவே இருக்கட்டும்.