பிள்ளைகளும் மண்புழு வாளியும்

மழை ஓய்ந்த காலையில் பால்மரத்தடியில் நெளியும் மண்புழுவைத் தூண்டில் இரையாக மட்டுமே நம்மில் பலர் அறிவர். ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் டார்வின் 1881ஆம் ஆண்டில் இதனைப் பற்றித் தனி நூலே எழுதினார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஜொகூரில் வீட்டுக் குப்பையைப் பிரித்து வைக்கும் விதி 2015 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மட்கும் கழிவை வீட்டிலேயே எருவாக்கினால் லயத்துக் கால்வாயில் ஈயும் எலியும் குறையும்.

மூடியுள்ள பழைய பிளாஸ்டிக் வாளி போதும். பாலை உறைய வைக்கும் திராவகம் இருந்த வாளி மட்டும் வேண்டா. தோலால் சுவாசிக்கும் புழு மடிந்துவிடும். அடியிலும் பக்கங்களிலும் துளையிட்டு, நனைத்துப் பிழிந்த செய்தித்தாளைக் கிழித்து அரைவாளி நிரப்புக. தோட்டத்தில் தோண்டியெடுக்கும் புழு பெரும்பாலும் மண்ணை உண்டு வாழும் இனம், வாளியில் தங்காது. குப்பையைத் தின்னும் ஆப்பிரிக்க இனத்தை எருப்புழு வளர்ப்போரிடம் வாங்குக. நம் நாட்டு வெப்பத்தை அது தாங்கும்.

காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, நொறுக்கிய முட்டை ஓடு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் புதைக்கலாம். மீன், எண்ணெய், குழம்பு, எலுமிச்சைத் தோல் கூடா. எம் இல்லத்து முதல் வாளி நாறிக் கெட்டது. பிள்ளைகள் அன்பு மிகுதியால் ஒரு வாரத் தீனியை ஒரே நாளில் கொட்டிவிட்டனர்! அதன்பின் முறைவைத்து, இட்ட நாளையும் அளவையும் குறிப்பேட்டில் எழுதச் செய்தோம். கடுகினும் சற்றுப் பெரிய முட்டைக்கூட்டை முதலில் காண்பவர் யார் என்று இன்றும் போட்டிதான். தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவச் செய்க.

வடிநீர்த் தட்டில் ஏடிஸ் கொசு முட்டையிடும், அடிக்கடி கவிழ்த்துவிடுக. ஆண்டிறுதி மழையில் வாளியைக் கூரைக்கடியில் வைக்கவும். ஏறத்தாழ மூன்று மாதங்களில் எரு கருத்து உதிரும். மூடியைத் திறந்துவைத்தால் புழுக்கள் வெளிச்சத்திற்கு அஞ்சிக் கீழிறங்கும். மேலெருவை வழித்து மிளகாய்ச் செடிக்கு இடலாம்.